மிச்சமிருந்த மூன்று வருடம்

அன்று உன் கல்லூரி விளையாட்டு மாஸ்டர் நம் வீட்டு வேப்பமர நிழலில், பக்கத்து வீட்டிலிருந்து இரவல் வாங்கிப் போட்ட நாற்காலியில் உட்கார்ந்து, "பையனுக்கு இன்னும் மூணு வருஷம் இருக்குதும்மா" என்று சொன்னபோது, உனக்கு இருபத்தைந்து முடிந்துவிட்டது என்று நான் சொல்லவில்லை. அந்த மூன்று வருடம் உன்னுடையதே இல்லை என்றும் சொல்லவில்லை. அன்று விடியற்காலையில் ஏரிக்கரையில் பார்த்துவிட்டு வந்ததையும் சொல்லவில்லை. மோரில் உப்பு சரியாக இருக்கிறதா என்று மட்டும் கேட்டேன். இருக்கிறது என்றார்.

உன் கார்டு நேற்று வந்தது. பெண் வீட்டார் ஜாதகம் பார்க்கிறவர்கள், பிறந்த தேதி கேட்கிறார்கள், எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தில் இருப்பதையே எழுதிக் கொடுத்துவிடலாமா என்று இரண்டு வரியில் கேட்டிருக்கிறாய். மீதி இடமெல்லாம் காலி. அந்தக் காலி இடத்தைத்தான் நான் அதிக நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு வரியில் கேட்டதற்கு ஒரு வரியில் பதில் எழுதலாம். ஆனால் அந்தத் தேதியை முதன்முதலில் எழுதிய கை என்னுடையது. அதனால் நீளமாக எழுதுகிறேன். உன்னைவிட ஐந்தே வயது மூத்தவள் அம்மா ஸ்தானத்தில் இருந்துகொண்டு புத்தி சொல்வதில் எனக்கு எப்போதும் ஒரு கூச்சம் உண்டு. அந்தக் கூச்சத்தினால்தான் சொல்லவேண்டிய பலவற்றைச் சொல்லாமல் விட்டேன். புத்தகத்துக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறவள் என்று உன் நைனா என்னைச் சொல்வது பொய்யில்லை.

நான் இந்த வீட்டுக்கு வந்தபோது எனக்குப் பதினெட்டு, உனக்குப் பதிமூன்று. உன் அம்மா போய் ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. கல்யாணமாகி வந்த மூன்றாம் நாள், நீ வாசற்படியில் நின்றுகொண்டு, "உன்ன நான் அம்மான்னு கூப்பிட மாட்டேன், தொத்தான்னுதான் கூப்பிடுவேன்" என்றாய். சித்தியை நம் பக்கத்தில் அழைக்கிற மாதிரியே கூப்பிட்டுக்கொள் என்றேன். அதற்குள் உன் நைனா வெளியிலிருந்து குரல் கொடுத்தார். நீ ஓடிவிட்டாய். அவர் பெரிய ஏரியின் மதகைத் திறந்து மூடுகிற வேலைக்காரர். அவர் போகிற இடத்துக்கெல்லாம் நீயும் போகவேண்டும். கண்ணுக்குத் தெரிகிற தூரத்திலேயே இருக்கவேண்டும். அதனால் பள்ளிக்கூடத்துக்குப் பாதி நாள் போனாய், பாதி நாள் போகவில்லை. பதிமூன்று வயதுப் பையன் ஐந்தாம் வகுப்பை அப்போதுதான் முடித்திருந்தாய். ஏன் இப்படிப் பிள்ளையைக் கட்டிவைத்திருக்கிறார் என்று எனக்கு அப்போது தெரியாது. கேட்கவும் இல்லை.

உன்னைப் பெரிய பள்ளிக்கூடத்தில் சேர்க்கவேண்டும் என்று பிடிவாதம் பிடித்தவள் நான்தான். விண்ணப்பத்தை வாங்கிவந்து, பேனாவில் மை ஊற்றி, தகரப் பெட்டியின் மேல் வைத்து எழுத உட்கார்ந்தேன். வீட்டுக்கு வந்தபிறகு என் கையெழுத்து பயன்படுகிற முதல் காரியம் என்று எனக்குள் ஒரு பெருமை. பிறந்த தேதி என்ற இடம் வந்தது. உன் நைனா பெட்டியைத் திறந்து, துணியில் சுற்றியிருந்த இரண்டு சீட்டுகளை எடுத்தார். கிராம முன்சீப்பிடம் வாங்கிய பிறப்புச் சீட்டுகள். இரண்டிலும் பெயர் இல்லை. ஆண் என்றும், தகப்பன் பெயரும், தேதியும் மட்டும் இருந்தன. இரண்டு தேதிகளுக்கும் நடுவே மூன்று வருடம்.

"இதுல இவனுது எது?" என்று கேட்டேன்.

அவர் இளைய தேதி இருந்த சீட்டை என் பக்கம் தள்ளினார். "இத்தப் பாத்து எழுது."

"இதுப்படி பார்த்தா பத்து வயசுதான் வருது. மீசை அரும்புது புள்ளைக்கு."

"மூணு வருசம் கொறைஞ்சா இன்னா கெட்டுப்போச்சி? நாளைக்கி கவருமெண்டு வேலைக்குப் போனா மூணு வருசம் சேர்த்து ஒக்காந்து சம்பளம் வாங்குவான்."

"அப்ப இன்னொரு சீட்டு யாருது?"

"ரெண்டும் என் புள்ளைங்களுதுதான். எழுது."

ஊரில் யார் உண்மைத் தேதி கொடுத்தார்கள்? வாத்தியார்களே கையைத் தலைக்கு மேல் சுற்றிக் காதைத் தொடச்சொல்லி ஒரு தேதி போட்டுக்கொள்கிற காலம். நானும் எழுதினேன். ஆனால் மற்றவர்கள் போட்டது இல்லாத ஒரு தேதி. நான் எழுதியது, ஒருவன் பிறந்த தேதி. அந்த வித்தியாசம் எனக்கு அன்றைக்கே உறுத்தியது. பேனாவைக் கீழே வைக்குமளவுக்கு உறுத்தவில்லை.

அந்த ஒருவனைப் பற்றி நீயேதான் சொன்னாய், அடுத்த வருடம். உனக்கு நினைவிருக்கும், கோயில் மண்டபத்துச் சுவரில் இருக்கிற எழுத்தைக் காட்ட உன்னை அழைத்துப்போனேன். அந்தக் கல்வெட்டைப் பற்றிக் கிளை நூலகத்தில் ஒரு புத்தகம் படித்திருந்தேன். ஆயிரம் வருடத்துக்கு முன் இந்த ஊர்ச் சபைக்கு யார் நிற்கலாம், யார் நிற்கக்கூடாது என்று சுவரிலேயே வெட்டிவைத்திருக்கிறார்கள். முப்பத்தைந்து வயதுக்குக் கீழே இருக்கக்கூடாது, எழுபதுக்கு மேல் ஆகியிருக்கக்கூடாது, சொந்த நிலம் இருக்கவேண்டும், ஒரு முறை இருந்தவன் மூன்று வருடம் ஒதுங்கியிருக்கவேண்டும் என்று நான் சொல்லிக்கொண்டே வந்தேன். நீ சுவரைத் தடவிக்கொண்டே கேட்டாய்.

"அப்ப நைனா நிக்க முடியாது. நெலம் இல்ல."

"முடியாது."

"மூணு வருசம் எதுக்கு ஒதுங்கணும்? நல்லா செஞ்சவனா இருந்தா?"

"பின்னால நிக்கிறவனுக்கும் ஒரு தடவை வரணும் இல்லையா, அதுக்கு."

நீ கையை எடுத்துவிட்டாய். "என் பின்னாலகூட ஒருத்தன் வருவான் தொத்தா" என்றாய். சொல்லிவிட்டு நிறுத்தவில்லை. உனக்கு ஆறு வயது, சின்னவனுக்கு மூன்று. நீ எங்கே போனாலும் அவன் பின்னாலேயே ஓடிவருவான். அவனை விட்டுவிட்டு ஓடுவது உனக்கு விளையாட்டு. தை மாதத்தில் ஒரு காலை, கரைமேல் நீ ஓடினாய். அவன் கூப்பிட்டுக்கொண்டே வந்தான். நீ திரும்பிப் பார்க்கவில்லை. கரையின் கோடிக்குப் போய் நின்றபோது பின்னால் யாரும் இல்லை. அந்த நேரத்தில்தான் உன் நைனா மதகைத் திறந்திருந்தார். அந்தப் பக்கம் யாராவது நிற்கிறார்களா என்று அவர் பார்க்கவில்லை. அதற்குமுன் பார்க்கவேண்டிய அவசியம் வந்ததில்லை.

அதற்குப் பிறகுதான் அவர் ஒவ்வொரு முறை திறக்கும்போதும் மூன்று முறை கூவுகிற வழக்கம் வந்தது. "தண்ணி வருது, ஓரம் போ." ஊரார் அதை ஒரு நல்ல ஏற்பாடு என்று நினைத்தார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

இறப்புப் பதிவிலும் அவனுக்குப் பெயர் எழுதியிருக்கமாட்டார்கள். ஆண், இன்னார் மகன் என்று மட்டும் இருக்கும். பள்ளிக்கூடத்துப் புத்தகத்தையும் முன்சீப்பின் புத்தகத்தையும் யாராவது பக்கத்தில் வைத்துப் படித்தால், இளையவன் உயிரோடு இருக்கிறான், படிக்கிறான். மதகில் போனவன் நீ. கோயிலிலிருந்து வீட்டுக்கு வரும் வழியில் இது எனக்குத் தோன்றியது. மறுநாளே தலைமை ஆசிரியரிடம் போய் மாற்றி எழுதச் சொல்லியிருக்கலாம். நான் போகவில்லை. போனால் உன் நைனா என்ன சொல்வாரோ என்ற பயத்தைவிட, எழுதினவள் யார் என்று கேட்பார்களே என்ற வெட்கம் பெரிதாக இருந்தது.

நீ ஓட ஆரம்பித்தது அப்போதுதான். விடிகிற நேரத்தில் கரைமேல் ஓடுவாய், பள்ளி மைதானத்தில் ஓடுவாய், உன்னோடு ஓடின பையன்கள் பாதியில் நின்று இடுப்பைப் பிடித்துக்கொள்வார்கள். எல்லோரும் ஒன்றைத்தான் சொல்லி வியந்தார்கள், இந்தப் பையன் திரும்பிப் பார்ப்பதே இல்லை என்று. பின்னால் வருகிறவன் எவ்வளவு தூரத்தில் இருக்கிறான் என்று எல்லா ஓட்டக்காரனும் ஒரு முறையாவது பார்ப்பானாம். நீ பார்க்கமாட்டாய். நான் ஒரு நாள் சோறு போடும்போது கேட்டேன். "பாத்தா அவன் நின்னுடுவான் தொத்தா" என்றாய். அதை ஒரு பையனின் பேச்சாக எடுத்துக்கொண்டு, உன் காலடிச் சத்தமே கரைக்கல்லில் பட்டுத் திரும்பி வருகிறது, அதைத்தான் நீ வேறு காலடி என்று நினைக்கிறாய் என்று விளக்கினேன். ஒலி எப்படித் திரும்பும் என்று படம்கூடப் போட்டுக் காட்டினேன். நீ பொறுமையாகக் கேட்டுக்கொண்டாய். அதன்பிறகு அந்தப் பேச்சை என்னிடம் எடுக்கவே இல்லை. படித்தவள் என்ற கர்வத்தில் நான் செய்த தப்புகளில் இது பெரியது. உன் மனைவி ஒரு நாள் உன்னிடம் விளங்காத ஒன்றைச் சொன்னால், உடனே விளக்கம் சொல்லிவிடாதே. முதலில் அது எங்கே கேட்கிறது என்று கேள்.

பெரிய பள்ளிக்கூடம் முடிந்து, ஒரு வருடம் சும்மா இருந்து, ஓட்டத்துக்காகவே காஞ்சிபுரத்தில் கல்லூரியில் இடம் கிடைத்து, பி.யூ.சி., பி.ஏ. என்று நான்கு வருடம் ஓடினாய். நான்காவது வருடக் கடைசியில் மாஸ்டர் சொன்னபடி ஒரு பரீட்சையை எழுதாமல் விட்டாய். ஐந்தாவது வருடமும் மாணவன், ஐந்தாவது வருடமும் கோப்பை. கல்லூரிகளுக்கு நடுவே நடக்கிற போட்டிக்கு இருபத்தைந்து வயது வரைதான் என்று விதி. உன் புத்தகப்படி அதற்கு இன்னும் நிறைய நாள் இருந்தது. கோப்பைகளை உன் நைனா அரிசிக் குதிரின் மேல் வரிசையாக வைத்தார். நானும் துடைத்துவைத்தேன். சந்தோஷப்படவில்லை என்று பொய் சொல்லமாட்டேன்.

ஐந்தாவது வருட விளையாட்டு விழாவுக்கு நான் வந்திருந்தேன். நீ ஓடத் தயாராகிக்கொண்டிருந்தாய். உன் சட்டையையும் துண்டையும் தோளில் போட்டுக்கொண்டு ஒல்லியாக ஒரு பையன் என் பக்கத்தில் வந்து நின்றான். தாமல் ஊர்ப் பையன். உனக்கு அடுத்தபடியாக ஓடுகிறவன். ஒரு மைல் ஓட்டத்துக்குக் கல்லூரியிலிருந்து ஒருவரைத்தான் வெளியே அனுப்புவார்கள், அந்த ஒருவர் எப்போதும் நீ.

"அண்ணனுக்கு நீங்க அக்காவா?" என்றான்.

"அம்மா" என்றேன். அவன் ஒரு நிமிடம் என் முகத்தைப் பார்த்துவிட்டு மரியாதையாக நகர்ந்து நின்றான்.

"எங்க ஏரி உங்க ஏரியைவிடப் பெருசும்மா. நானும் கரைமேலதான் ஓடிப் பழகினேன்." கொஞ்சம் தயங்கினான். "அண்ணன் எப்பம்மா முடிப்பாரு?"

அதில் பொறாமை இல்லை. பஸ் எப்போது வரும் என்று கேட்கிற மாதிரிதான் கேட்டான். எவ்வளவு காலம் ஒருவன் கல்லூரிப் பையனாக ஓடலாம் என்பதைப் பற்றிப் பெரியவர்கள் வயது வைத்தும் வருடம் வைத்தும் விதி எழுதுகிறார்கள். நான் அன்றிலிருந்து அதை அந்தப் பையனை வைத்துத்தான் யோசிக்கிறேன். அவனுக்குப் பத்தொன்பது. உனக்கு இருபத்துநான்கு முடிந்து நரம்பும் எலும்பும் முற்றியிருந்தன. திறமை இருக்கிறவரை ஓடட்டுமே என்று மாஸ்டர் சொல்வார். திறமை இருக்கிறவன் வெளியே போய் ஓட இடமில்லையா? கல்லூரி என்பது வந்து, இருந்து, போகிற இடம். அங்கே போகாமல் நிற்கிறவன் தன் வாழ்க்கையையும் நிறுத்தி, பின்னால் வருகிறவனையும் நிறுத்துகிறான். கோயில் சுவரில் இதை உனக்குப் படித்துக் காட்டினவள், வீட்டில் கோப்பையைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

இனி அந்தக் காலையைப் பற்றி. வருடா வருடம் புள்ளலூரிலிருந்து நடவுக்கு வருகிற பெண்களில் ஒருத்தி, நம் வீட்டில் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு வாங்க வருவாள். நம் வீட்டுக் கதை எதுவும் அவளுக்குத் தெரியாது. நீ கல்லூரியில் சேர்ந்த வருடம் ஒரு நாள் கேட்டாள்.

"ஏம்மே, உன் புள்ள ஓடச்சொல்ல பின்னாலயே ஒண்ணு ஓடியாருதே, யார் வூட்டுது அது? மேல ஒரு துணி இல்ல. பனியில சளி புடிச்சிக்காது?"

நாயாக இருக்கும் என்றேன். "நாயிக்கும் புள்ளைக்கும் தெரியாதா எனக்கு? நாலு பெத்தவ" என்று சிரித்துக்கொண்டு போய்விட்டாள். ஒவ்வொரு வருடமும் கேட்பாள். அந்தப் பிள்ளை வளரவே இல்லையே, சோறு போடுகிறார்களா இல்லையா என்பாள். மாஸ்டர் வந்த நாளுக்கு இரண்டு நாள் முன்பு, சுண்ணாம்பைத் தடவிக்கொண்டே சொன்னாள். "மொதல்ல ரொம்ப தூரத்துல வந்துகினு இருந்துச்சி. இப்ப கைக்கு எட்டற மாதிரி கீது. உன் புள்ளைக்கு வேகம் கொறைஞ்சிபோச்சா, இல்ல அதுக்குக் கால் வந்துடுச்சா?"

இரண்டு நாள் பொறுத்தேன். மூன்றாம் நாள் விடியலில், நீ ஓடிவிட்டு வந்து குளித்துக்கொண்டிருந்தபோது, கரைக்குப் போனேன். முந்தின நாள் தூறல் விழுந்து மண் பதமாக இருந்தது. உன் கால் தடம் நீளமாகப் போயிருந்தது. ஒவ்வொரு தடத்துக்குள்ளும், நடுவில், என் உள்ளங்கையைவிடச் சின்னதாக ஒரு கால் பதிந்திருந்தது. பக்கத்திலும் இல்லை, பின்னாலும் இல்லை, உன் தடத்துக்கு உள்ளேயே. உன் எட்டுக்குச் சமமாக எட்டு. மதகு வரையிலும் அப்படித்தான் இருந்தது. மதகைத் தாண்டி உன் தடம் மட்டும் போயிற்று. நான் உட்கார்ந்து ஒரு தடத்தின்மேல் கையை வைத்தேன். மண் குளிர்ந்திருந்தது, அவ்வளவுதான். எழுந்து வீட்டுக்கு வந்து மோர் கடைந்தேன். மாஸ்டர் வரப்போகிறார் என்று நீ சொல்லியிருந்தாய்.

மாஸ்டர் நல்ல மனிதர். உன்மேல் உண்மையான பிரியம். "இந்த வருஷமும் ஒரு பேப்பரை விட்டிருக்கான். விடச்சொன்னது நான்தான். இருக்கட்டும். இன்னும் ஒரு வருஷம் எனக்குக் குடுங்க. மாகாண அளவுல கொண்டுபோய்க் காட்டறேன்" என்றார். பெருநகரில் பள்ளிக்கூடத்து வேலை ஒன்று உனக்கு அப்போது கூடிவந்திருந்தது. நான் அதைச் சொன்னேன். "வேலை எங்கம்மா ஓடிடப்போகுது? ஓடறவன் இவன்" என்று அவர் சிரிக்க, உன் நைனாவும் சிரித்தார். நீ சிரிக்கவில்லை. உன் பெருவிரலையே பார்த்துக்கொண்டிருந்தாய். "உனக்கு இஷ்டந்தானே தம்பி?" என்று மாஸ்டர் கேட்டபோது நீ என்னைப் பார்த்தாய். நான் ஏதாவது சொல்வேன் என்று நினைத்தாய். நான் காலி டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன்.

அவர் போனபிறகு உன் நைனாவிடம் மட்டும் கேட்டேன். "பெரியவனுக்கு இருபத்தஞ்சு முடிஞ்சிபோச்சி. இன்னும் எத்தினி நாளைக்கு ஓட விடறது?"

அவர் மதகுச் சாவியை எண்ணெய் போட்டுத் துடைத்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை. மிகவும் சாதாரணமாகச் சொன்னார்.

"பெரியவன் எப்பவோ ஓடி முடிச்சிட்டான். இப்ப ஓடறது சின்னவன். அவனுக்கு இன்னும் மூணு வருசம் கீது."

பன்னிரண்டு வருடத்துக்குப் பிறகு அப்போதுதான் எனக்குப் புரிந்தது. கவர்மெண்டு சம்பளம், மூன்று வருடம் கூடுதல் என்றதெல்லாம் எனக்குச் சொன்ன காரணம். அவர் மதகைத் திறந்து அனுப்பிவிட்ட பிள்ளையை, என் கையெழுத்தில் பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிட்டிருக்கிறார். நீ பாஸ் செய்த ஒவ்வொரு வகுப்பும் அவன் பாஸ் செய்தது. குதிரின்மேல் இருந்த கோப்பைகள் யாருக்காக வைக்கப்பட்டிருந்தன என்று தெரிந்தபின், அவற்றைத் துடைக்க எனக்குக் கை வரவில்லை. அவர்மேல் கோபமும் வரவில்லை. நீயும் அவரைக் கோபிக்காதே.

ஆறாவது வருடமும் நீ போனாய். மார்கழியில் செங்கல்பட்டில் போட்டி. ஒருநாளும் வராத உன் நைனா அந்த முறை வந்தார். நானும் அவரும் கயிற்றுக்குப் பக்கத்தில், கடைசித் திருப்பத்தில் நின்றோம். தாமல் பையன் உன் சட்டையோடு எதிர்ப்பக்கம் நின்றிருந்தான். அவனுக்கும் அது கடைசி வருடம். மூன்று சுற்று நீதான் முன்னால். நான்காவது சுற்றில் உன் முகம் வெளுத்திருந்தது. மற்றவர்கள் உனக்கு இருபது அடி பின்னால் இருந்தார்கள். நீயோ, கழுத்தில் யாரோ மூச்சு விடுகிற மாதிரி தோளை ஒடுக்கிக்கொண்டு ஓடினாய். நீ எங்களைத் தாண்டும்போது உன் நைனா இரண்டு கையையும் வாயருகே வைத்துக்கொண்டு, மதகில் கூவுகிற அதே குரலில் கூவினார்.

"தண்ணி வருது, ஓரம் போ."

மூன்று முறை கூவினார். பக்கத்தில் நின்ற ஒருவன், "பெருசு, எங்களுக்கும் ஒரு டம்ளர் குடு" என்றான். சிரித்தார்கள். நீ திரும்பிப் பார்த்தாய்.

பத்தொன்பது வருடத்தில் முதல் முறை. பார்த்ததும் நின்றாய். பின்னால் வந்தவர்கள் உன்னை விலகிக்கொண்டு ஓடிப்போனார்கள். எல்லோரும் போகும்வரை பாதையின் ஓரமாக ஒதுங்கி, முழங்காலை மடித்து உட்கார்ந்தாய். ஏதோ சொன்னாய், எனக்குக் கேட்கவில்லை. பிறகு எழுந்து முடிவுக் கோட்டை நோக்கி நடந்தாய். மெதுவாக, குட்டைக் காலுக்கு ஏற்ற மாதிரி சின்னச் சின்ன எட்டாக. உன் வலது கை உடம்பிலிருந்து கொஞ்சம் விலகி, கீழ்நோக்கி, விரல்கள் மடங்கியபடி இருந்தது. கால் சுளுக்கிக்கொண்டது என்று மாஸ்டர் ஓடிவந்தார். உன் நைனா கயிற்றைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார். அவர் உன் முகத்தைப் பார்க்கவில்லை. உன் கை எங்கே முடிந்ததோ அங்கே பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலையில் என்னிடம் வந்து, "தொத்தா, அந்தச் சீட்டு ரெண்டும் எங்க கீது?" என்றாய். எடுத்துக் கொடுத்தேன். "என்னுது எது?" தொட்டுக் காட்டினேன். இரண்டையும் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு முதல் பஸ்ஸுக்குப் போனாய். ஒரு வாரம் கழித்து மாஸ்டர் வந்தார், அதே நாற்காலியில் உட்கார்ந்தார். கல்லூரியில் நீயே போய் உண்மை வயதைச் சொல்லிவிட்டாய் என்றும், இருபத்தைந்து முடிந்தபின் வாங்கிய கடைசி இரண்டு கோப்பைகளைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லியிருக்கிறார்கள் என்றும் சொன்னார். "தாமல் பையனை அனுப்பியிருக்கலாம்மா. அவனுக்கு வாய்ப்பே வராம போயிடுச்சி. அன்னிக்கே ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?" என்றார். பெருநகர் வேலை அதற்குள் வேறொருவருக்குப் போயிருந்தது. நீ விட்ட பரீட்சையை எழுதி, திண்டிவனத்துக்குக் கூட்டுறவுச் சங்கத்து வேலைக்குப் போய், நான்கு மாதத்துக்கு ஒரு கார்டு போடுகிறாய். எல்லாக் கார்டும் இரண்டு வரி. என்மேல் உனக்கு இருக்கிற கோபம் நியாயமானது. அந்தச் சீட்டு என் கைக்கு வந்த நாளிலிருந்து என்னால் எந்த நாளிலும் இதை நிறுத்தியிருக்க முடியும்.

நீ கேட்டதற்குப் பதில். மூத்த சீட்டில் இருக்கிற தேதியை எழுதிக் கொடு. அதுதான் உன்னுடையது. புத்தகத்தில் வேறு தேதி இருக்கிறதே என்று கேட்டால், எங்கள் தொத்தா தப்பாக எழுதிவிட்டாள் என்று சொல். அது உண்மை. இருபத்தெட்டு வயது மாப்பிள்ளை வேண்டாம் என்றால் போகட்டும். வேறொருவன் பிறந்த நேரத்துக்கு ஒரு பெண்ணைக் கட்டிவைத்துவிடாதே. இன்னொன்று, சொல்லலாமா என்று இந்தக் காகிதம் முழுக்க யோசித்துக்கொண்டே வந்தேன். அந்தப் பெண்ணிடம் சின்னவனைப் பற்றிச் சொல்லிவிடு. எனக்கு விளக்கம் எதுவும் தெரியாது. அவள் முதலில் பயப்படுவாள், பிறகு பழகிக்கொள்வாள். நானும் பழகிக்கொள்ளத்தான் பார்த்தேன், ஆனால் அதற்குள் கரை காலியாகிவிட்டது. புள்ளலூர்க்காரி இந்த வருடம் வந்தபோது கேட்டாள், "எங்கம்மே, ஒண்ணையும் காணோம்?" வேலைக்குப் போய்விட்டான் என்றேன். "சின்னதுமா?" என்றாள்.

சின்னதும்தான் என்று எனக்குத் தெரியும். அந்தச் சீட்டுகளோடு நீ காஞ்சிபுரம் போன முதல் பஸ்ஸின் கண்டக்டர் நம் தெருக்காரர். அன்று மத்தியானமே வீட்டுக்கு வந்து சொன்னார். பஸ்ஸில் நீ ஒருவன்தான் நம் ஊரில் ஏறினாய். சில்லறையை எண்ணிக் கொடுத்து ஒரு முழு டிக்கெட்டும் ஒரு அரை டிக்கெட்டும் கேட்டாய். அவர் கிழித்துக் கொடுத்தார். வாங்கிக்கொண்டு, ஜன்னலோரத்தை விட்டு, இந்தப் பக்கம் தள்ளி உட்கார்ந்துகொண்டாய்.